படைவீரர் எழுத்தும் சுமையாளர் மௌனமும்: கண்டிப் போர்ப் பதிவுகள் பற்றிய ஒரு குறிப்பு

போரிலே நேரில் ஈடுபட்ட ஒருவன் தன் அனுபவத்தைத் தன்மைக் கூற்றாக எழுதும் வழக்கம் இலக்கிய வரலாற்றில் ஒப்பீட்டளவிற் பிந்தியது. தமிழிற் பரணி, வென்ற வேந்தனைப் பாடுவது. சிங்கள ஹட்டன் பாடல்களும் பெரும்பாலும் அத்தகையனவே. 1803ஆம் ஆண்டுப் போரைப் பொருளாகக் கொண்ட ‘இங்கிரீசி ஹட்டன’வும் கண்டியரசின் வெற்றியையே கொண்டாடுகிறது. அங்கே படைவீரன் உண்டு. ஆனால் அவன் ‘நான்’ என்று பேசுவதில்லை. கண்டிப் போர்களில் அந்த ‘நான்’ எவரிடமிருந்து எழுந்தது, எவரிடமிருந்து எழவில்லை என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1803 பெப்ரவரியில் பிரித்தானியப் படை கண்டி நகருட் புகுந்தது. நோயும் உணவுத் தட்டுப்பாடும் அங்கு விடப்பட்ட காவற்படையை உருக்குலைத்தன. யூன் 24இல் மேஜர் டேவி சரணடைந்தார். திருக்கோணமலை நோக்கிப் புறப்பட்டவர்கள் மகாவலியைக் கடக்க முடியாது வட்டப்புளுவயில் நின்றபோது ஐரோப்பியப் படைவீரர் கொல்லப்பட்டனர். கழுத்துக் காயத்துடன் தப்பிய 19ஆம் படையணிக் கோப்ரல் பார்ன்ஸ்லி, மாத்தளைப் பகுதியிலிருந்த மக்டவல் கோட்டையை அடைந்து செய்தியைத் தெரிவித்தார். அவருடைய கூற்று நமக்கு வாக்குமூலமாகவே கிடைக்கிறது. மேலோர் வினாவியதற்கு விடை கூறும் உரிமை மட்டுமே அவருக்கு இருந்தது.

அடுத்த ஆண்டு, ஆதர் ஜோன்ஸ்டன் என்ற அதிகாரி சுமார் 300 போர்வீரருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் சென்றார். அங்கு வந்து சேரவேண்டிய ஏனைய படைப்பிரிவுகள் வரவில்லை. எதிரிகளால் சூழப்பட்ட நிலையில் அவர் திருக்கோணமலைக்குப் பின்வாங்கினார். 1810இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் அப்பயணத்தை விரிவாகக் கூறுகிறது. மலைநாட்டுப் போரை எவ்வாறு நடத்துவது என்பதே அவரது அக்கறை. எதற்காக நடத்துவது என்ற வினா அங்கு எழுவதில்லை.

இலங்கையில் பீரங்கிப் படையிற் சாதாரண வீரனாகச் சேவித்த அலெக்சாந்தர் அலெக்சாந்தரின் வாழ்க்கை வரலாறு 1830இல் எடின்பரோவில் வெளிவந்தது. அதுவும் ஜோன் ஹவெல் என்ற பதிப்பாசிரியரின் கை வழியாகவே அச்சேறிற்று. ஆக, அதிகாரிக்கு நூல், வீரனுக்குப் பதிப்பாசிரியர், கோப்ரலுக்கு வாக்குமூலம். படையின் படிநிலையே எழுத்தின் படிநிலையாகவும் அமைந்துள்ளமை மனங்கொளத்தக்கது.

இப்படிநிலைக்கும் கீழே ஒரு கூட்டம் உண்டு. அன்றைய மலைநாட்டில் வண்டிப்பாதை இல்லை. அரிசியும் வெடிமருந்தும் நோயுற்றோரும் மனிதத் தோள்களிலேயே சென்றனர். சுமையாளர் இன்றிப் படை அசையாது என்பதைப் படை அதிகாரிகள் நன்கறிவர். எனினும் அவர்களின் எழுத்துகளிற் சுமையாளர் எண்ணிக்கையாகவோ, சுமையைப் போட்டுவிட்டு ஓடியவராகவோ மட்டுமே தோன்றுகின்றனர். அதிகாரி இதனைத் துரோகமாகக் காண்கிறார். பிறர் போருக்கு இழுத்துவரப்பட்டவன் நிலையில் நின்று நோக்கின், அவன் தானே எடுத்த முடிவாக ஏட்டில் எஞ்சியிருப்பது அந்த ஓட்டம் ஒன்றே எனலாம்.

எழுத்தறிவின்மையே இம்மௌனத்துக்குக் காரணம் எனச் சிலர் கூறக்கூடும். முதலாம் உலகப் போரில் பிரான்சிற் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் பலரும் எழுத்தறியாதவரே. பிறரைக் கொண்டு அவர்கள் எழுதுவித்த கடிதங்களின் பகுதிகளைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துப் பதிந்தனர். அதனாலேயே அவை இன்றும் கிடைக்கின்றன. சிப்பாயின் மனநிலையை அரசு அஞ்சியது, ஆகவே கேட்டது. கண்டிச் சுமையாளனின் மனநிலையை அறியவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. படை நகர்வுக்காகத் திறக்கப்பட்ட பாதை மூலதனத்துக்கும் வழியாயிற்று. வாட்டர்லூவிற் போரிட்ட தேசாதிபதி பான்ஸ், கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். 1638இல் போர்த்துக்கேயப் படை அழிந்த களமும் அதே கன்னொறுவையே. 1820களிற் கம்பளையில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். அவருடைய சகோதரர் ஹென்றி பேர்ட் படை அதிகாரி. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்தனர். போர்ச்சுமை தூக்கியவரே தோட்டத்துக்கும் வந்தனர் எனக் கூறுவதற்கில்லை. ஆனால் தோளை மட்டும் கணக்கில் எடுத்து, வாயைக் கணக்கில் எடுக்காத உழைப்புறவு இரண்டுக்கும் பொதுவானது.

ஆயினும் தோட்டத்து மக்கள் பாடினர். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களிற் பயணமும் பசியும் கங்காணியின் கொடுமையும் தன்மைக் குரலிலேயே ஒலிக்கின்றன. அவற்றை நாட்டார் வழக்காறு என்று தனியே ஒதுக்காது, போர்வீரர் நூல்களின் அருகில் வைத்துப் படித்தல் வேண்டும். ஜோன்ஸ்டன் போன்றோரின் எழுத்து மட்டுமே மூலாதாரம் எனக் கொள்ளுமாயின், நமது வரலாறும் படைநிரலின் வரிசையிலேயே எழுதப்பட்டதாகிவிடும்.