பொதியும் கெஜமும்: 1934ஆம் ஆண்டின் இந்திய-ஜப்பானிய உடன்பாடு

துணி விற்கும் நாடும் வாங்கும் நாடும் எதிரெதிரே அமர்ந்து, இவ்வளவுக்கு மேல் அனுப்பலாகாது என எல்லை வகுத்துக்கொள்வது வாணிப வரலாற்றில் அரிதன்று. அத்தகைய ஏற்பாடுகளுள், 1934ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே ஏற்பட்டதனை ஈண்டு நாம் ஆராய்வோம்.

1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையைக் கைவிட்டது. யென்னின் மதிப்புச் சரிந்தது. ஜப்பானியத் துணி இந்தியக் கடைவீதிகளில் மலிந்து குவிந்தது. நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் மும்பை அந்நாளில் பம்பாய். அந்நகரத்து ஆலைகள் பாதுகாப்புக் கோரின. பிரிட்டிஷ் துணி அல்லாத பிற நாட்டுத் துணிகளின் மீது 1932 ஆகஸ்டில் நூற்றுக்கு 50 ஆக உயர்ந்த சுங்கவரி, 1933 ஜூனில் 75 ஆயிற்று. லங்காஷயர் துணிக்கோ பொதுவில் 25தான். 1904ஆம் ஆண்டு வாணிப ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகவும் ஜப்பானுக்கு முன்னறிவிப்புத் தரப்பட்டிருந்தது.

ஜப்பானிய நூற்பாலைகள் வாளாவிருக்கவில்லை. இந்தியப் பருத்தியை வாங்குவதில்லை எனப் பகிஷ்காரம் தொடங்கின. நமது குட்டை இழைப் பருத்தியைப் பெருமளவில் கொண்டு வந்தது அந்நாடே. ஆகவே, ஆலையைக் காக்க எழுப்பிய சுவர், பருத்தி விளைத்த குடியானவனின் சந்தையை அடைத்துவிட்டது. நெய்பவனையும் காக்க வேண்டும், விதைத்தவனையும் கைவிடலாகாது. இதுவே அன்று அரசின் முன் நின்ற சிக்கல்.

1933 செப்டம்பரில் சிம்லாவில் பேச்சு தொடங்கிற்று. இந்திய அரசின் சார்பில் வாணிப உறுப்பினர் சர் ஜோசப் போரும், ஜப்பானின் சார்பில் சவாடாவும் தலைமை வகித்தனர். 1934 ஜனவரியில் கண்ட முடிவு எளிமையானது. ஜப்பான் ஆண்டுக்கு 10 லட்சம் பொதி பருத்தி வாங்கினால், 32½ கோடி கெஜம் துணி அனுப்பலாம். பொதி குறையின் கெஜமும் குறையும். மேற்கொண்டு வாங்கும் பொதி ஒன்றுக்கு 150 கெஜம் கூடும். 15 லட்சம் பொதிக்கு 40 கோடி கெஜம் என்பதே உச்ச எல்லை. வரி நூற்றுக்கு 50 ஆகக் குறைந்தது, பகிஷ்காரமும் நீங்கியது. இதற்கான உடன்படிக்கை 1934 ஜூலை 12இல் கையெழுத்தான இடம் லண்டன் மாநகரம். அந்நாளில் நமது வாணிபத்தின் கடிவாளம் எவர் கையில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் நிலை மாறிற்று. சுதந்தர இந்தியா துணி விற்கும் நாடாக மேல்நாடுகளின் முன் அமர்ந்தது. 1962ஆம் ஆண்டின் சர்வதேசப் பருத்தித் துணி ஏற்பாட்டிலும், 1974இல் அதனைத் தொடர்ந்த பல்லிழை ஏற்பாட்டிலும், எல்லைக்கு உட்பட்டு ஏற்றுமதி செய்யும் நிலை நமதாயிற்று. அவ்வகை அளவுக் கட்டுப்பாடுகள் 2005 ஜனவரி 1இல்தான் முடிவுற்றன.

1934இல் ஜப்பான் இறங்கி வந்தது வரிச்சுவருக்கு அஞ்சி மட்டுமன்று. நமது பருத்தியும் அதற்கு வேண்டியிருந்தது. நாம் இறங்கி வந்ததும் அப்பருத்திக்கு வேறு போக்கிடம் இன்மையாலேயே. பேச்சு மேடையில் எடைபோடப்பட்டது துணியாயினும், தராசின் மறு தட்டில் இருந்தது குடியானவனின் ஓராண்டு உழைப்பு.