கடிகாரமும் கண்ணுறக்கமும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் காதில் ஓர் ஓசை என்றைக்கும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதுதான் பெரட்டு மணி. இன்று பூச்சோங் வட்டாரத்தில் அந்த மணி ஒலிப்பதில்லை. கின்ராரா தோட்டம் பண்டார் கின்ராரா என்னும் நகர்ப்பகுதியாகிவிட்டது. காசல்ஃபீல்டு தோட்டத்தின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. கித்தாக் காடுகளும் ஈயச் சுரங்கங்களும் இருந்த இடத்தில் 1999ஆம் ஆண்டில் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது. 2016ஆம் ஆண்டில் இலகு ரயிலும் வந்து சேர்ந்தது. ஆனாலும் அந்த வட்டாரத்தில் முன்பு பால் வெட்டிய ஒரு மூதாட்டியிடம், "எத்தனை மணி வரைக்கும் தூங்குவீங்க, பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலு மணிக்கு மேல படுத்துக் கிடந்தா உடம்பு கேக்காதுப்பா" என்றுதான் அவர் சொல்வார். மணி நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் அவருடைய உடலுக்குள் அது ஒலித்துக்கொண்டிருக்கிறது.

நம் மக்களுடைய உழைப்பின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். உறக்கத்தின் வரலாற்றை எழுதியவர் குறைவு. உறங்காத உடல் நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் என்பதால், அந்த வரலாற்றையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. இன்றைய உரையில் அதைப் பார்ப்போம்.

பால் வெட்டுவோர் விடியலுக்கு முன்பே எழ வேண்டியிருந்தது ஏன்? துரையின் கண்டிப்பு மட்டும் அதற்குக் காரணமன்று. மரத்தின் இயல்பும் ஒரு காரணம். இரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் உள்ளன. இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. ஆகையால் விடியற்காலையில் அந்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். உளி பட்டவுடன் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். எனவே, நிரையில் உள்ள நூற்றுக்கணக்கான மரங்களையும் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தாக வேண்டும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டா கட்டித் தூக்கி வந்து நிறுக்க வேண்டும்.

மரத்துக்கு விடியற்காலை உகந்தது என்றால், வெட்டுபவர் அதற்கும் முன்பே எழ வேண்டும். வீட்டுப் பெண்கள் அவருக்கும் முன்பே எழ வேண்டும். அடுப்பு மூட்டி, காலை உணவோடு மதியச் சோற்றையும் ஆக்கி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, கிராணி பெயர் கூப்பிடும்போது பெரட்டில் நிற்க வேண்டும். பெயர் விடுபட்டால் அன்றைய கூலி போயிற்று. இரவில் கடைசியாகப் படுப்பவரும் காலையில் முதலாவதாக எழுபவரும் தாய்தான். தோட்டத்து வாழ்க்கையில் உறக்கத்தை அதிகமாக இழந்தவர் யார் என்று கேட்டால், விடை இதிலேயே இருக்கிறது.

படுத்த நேரமாவது நிம்மதியாகக் கழிந்ததா? தொடக்க காலத்தில் அதற்கும் வழியில்லை. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு இரவில் கடிப்பது. ஆள் உறங்கும் வேளைதான் அதற்கு உணவு வேளை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில், 1901இல், நம் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடியச் செய்து அந்தக் கொசுவை ஒடுக்கத் தொடங்கினார். பின்னர் அம்முயற்சி தோட்டங்களுக்கும் பரவியது. காய்ச்சலால் நடுங்கியபடி கழிந்த இரவுகள் குறைந்ததற்கு அது வழி செய்தது.

அடுத்து, நேயர்களே, கடிகாரத்தின் கதைக்கு வருவோம். இது பலரும் அறியாத கதை.

சூரியன் உச்சிக்கு வரும் நேரம்தான் உண்மையான நண்பகல். ஆனால், அரசாங்கக் கடிகாரம் அந்த நேரத்தில் எப்போதும் 12 மணி காட்டுவதில்லை. 1905ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் முதல் மலாயாவின் நேரம், கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி முந்தியது என்று வகுக்கப்பட்டது. அப்போது கோலாலம்பூர் வட்டாரத்தில் கடிகாரம் சூரியனைவிடச் சுமார் 13 நிமிடம் முந்தி ஓடியது. மாலையில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று 1933ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பர் 1ஆம் நாள் மேலும் 10 நிமிடம் கூட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைப் புகுத்தினார்கள். ஒரே அடியாக ஒன்றரை மணி நேரம் கூடியது. கடிகாரத்தில் காலை 8 மணி ஆன பிறகுதான் பொழுது விடிந்தது! 1945இல் போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது.

கடைசி மாற்றம் நம்மில் மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். சபா, சரவாக் மாநிலங்களுக்கும் தீபகற்பத்துக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று 1981ஆம் ஆண்டில் மலேசிய நியம நேரச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு திசம்பர் 31ஆம் நாள் இரவு மணி 11:30 ஆனபோது, கடிகார முள்ளை 12க்குத் தள்ளிப் புத்தாண்டு பிறந்ததாக வைத்துக்கொண்டோம். அரை மணி நேரம் எங்கே போயிற்று என்று சிறுவர்கள் வேடிக்கையாகக் கேட்டார்கள். அது வேடிக்கையோடு போகவில்லை. அன்று முதல் நம் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய 1 மணி 13 நிமிடம் முந்தி ஓடுகிறது. இன்று பூச்சோங்கில் காலை 4 மணிக்கு ஒருவர் எழுந்தால், சூரியக் கணக்கில் அப்போது மணி 2:47தான். விடியலோ 7 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோ வருகிறது.

கடிகாரத்தைத் திருப்பினால் உடலும் திரும்பிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இதே கேள்விக்கு விடை தேடி, அமெரிக்க அறிஞர் நத்தானியல் கிளைட்மன் 1938ஆம் ஆண்டில் தம் மாணவர் ஒருவருடன் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகைக்குள் இறங்கினார். சூரிய ஒளி புகாத அந்தக் குகையில் 32 நாள்கள் தங்கி, ஒரு நாளைக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார்கள். இளைய மாணவரின் உடல் பழகிக்கொண்டது. கிளைட்மனின் உடலோ இறுதி வரை 24 மணிச் சுழற்சியைக் கைவிடவில்லை. உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அது இயங்கும் விதத்தைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்து விளக்கிய மூன்று அறிஞர்கள் 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த உட்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது முதன்மையாகச் சூரிய ஒளிதான். சட்டத்தின் ஆணை அதற்குக் கேட்காது. இருட்டி வெகு நேரம் ஆகாத நிலையில் பிள்ளைக்குத் தூக்கம் வராததும், விடியுமுன் எழுப்பும்போது அது சிணுங்குவதும் இதனால்தான். சோம்பேறி என்று அதைத் திட்டுவது நியாயமாகாது.

உறக்கத்துக்காக நம் மக்கள் போராடியதும் உண்டு. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் மாபெரும் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர். எச். நாதன் அவர்களின் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்குத் துணை நின்றது. துரைகளின் முன்னால் சைக்கிளில் போக உரிமை வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகளுள் சில. நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேலை வாங்குவதை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மணியில் 12 மணி வேலைக்குப் போனால் மீதி 12. அதில் சமையல், குளியல், துணி துவைத்தல், தண்ணீர் எடுத்தல், விறகு சேர்த்தல், பிள்ளைகளைப் பார்த்தல் ஆகியவற்றுக்கு 6 மணியைக் கழியுங்கள். எஞ்சியதுதான் உறக்கம். போராட்டத்தை அடக்க அரசாங்கம் படையை வரவழைத்தது. நாதன் அவர்கள் கைது செய்யப்பட்டார். தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

அதன் பிறகு வந்த கொடுமை சயாம் மரண ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் அங்கே கொண்டு போனார்கள். 1943இல் வேலையை விரைவுபடுத்தியபோது, போர்க் கைதிகளும் தொழிலாளர்களும் தீ வெளிச்சத்தில் இரவிலும் பாறை உடைத்தார்கள். பட்டினி, காலரா, மலேரியா ஆகியவற்றோடு உறக்கமின்மையும் சேர்ந்துகொண்ட இடம் அது.

போருக்குப் பிறகு நிலைமை படிப்படியாக மாறியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 சனவரி 1ஆம் நாள் முதல் அது 45 மணியாகக் குறைந்துள்ளது. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் எங்கே போயின? தொழிற்சாலைகளுக்கும், காவல் வேலைக்கும், லோரி ஓட்டவும் போயின. 1970களில் சுங்கைவேயிலும் ஷா ஆலமிலும் தொழிற்சாலைகள் பெருகியபோது இரவு ஷிப்ட் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. பெரட்டு மணி தூக்கத்தின் கடைசிப் பகுதியைத்தான் பறித்தது. இரவு ஷிப்ட் இரவு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

இதனால் உடலுக்கு என்ன கேடு? விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் தூக்கத்தை வரவழைப்பது. கோப்பியும் தேநீரும் அதன் வேலையைச் சற்று நேரம் தடுக்குமே தவிர, களைப்பைப் போக்கா. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் மகனை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்க மாட்டான். ஆனாலும் ஆபத்து அவனுடன் பயணம் செய்கிறது.

நாள்பட்ட தூக்கக் குறைவு இன்னும் ஆழமாகப் பாயும். இரத்தக் கொதிப்பு ஏறும். இன்சுலின் சரிவர வேலை செய்யாது. இனிப்புநீர் வருவதற்கு அது வழி திறக்கும். பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, வயிறு நிறைந்தாலும் இன்னும் உண்ணத் தோன்றும். நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். பிள்ளைகளுக்குப் படித்தது மனத்தில் பதியாது. ஏனெனில் பகலில் கற்றதை மூளை ஒழுங்குபடுத்தி வைப்பது உறக்கத்தில்தான். இரவு ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2007இல் அறிவித்து, 2019இல் அதை உறுதிப்படுத்தியது. உறக்கம் வரட்டும் என்று கள்ளோ சம்சுவோ குடிப்பவர்களும் ஏமாறுகிறார்கள். மது முதலில் கண்ணைச் சொருகச் செய்யும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடும்.

என்ன செய்யலாம்? முதலில் மணியைப் பின்னோக்கி எண்ணுங்கள். வளர்ந்தவர்களுக்கு 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். பள்ளி வேன் 6 மணிக்கு வருகிறது, பிள்ளை 5:30க்கு எழ வேண்டும் என்றால், இரவு 8:30க்கு அது உறங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அடங்கட்டும். இரவு வேலை முடிந்து வந்தவர் பகலில் உறங்கும் அறையில் திரை போட்டு இருட்டாக்குங்கள். அவரை எழுப்பிக் கடைக்கு அனுப்பாதீர்கள். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் உள்ளவர்களை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய்.

இறுதியாக ஒரு சொல். இரவில் பாத்திரம் கழுவுவதை மகன் செய்யட்டும். மறுநாள் சமையலுக்குக் காய்கறியைக் கணவர் நறுக்கி வைக்கட்டும். இவ்வளவு செய்தாலே அம்மாவுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும். இந்த நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் தாய்மார்கள் இழந்த உறக்கத்தை எவராலும் திருப்பித் தர முடியாது. இன்றிரவு அவர் உறங்க வேண்டியதையாவது நாம் எடுத்துக்கொள்ளாமல் இருப்போம்.