தீவுக்குத் தண்ணி கொண்டு போங்க: எரிஞ்சுபோன ஒரு ரோந்துக் கப்பலின் கதை

1/ தாமிரபரணி எந்த ஊர்ல கடலோட சேருது? திருநெல்வேலிக்காரங்களைக் கேட்டாலே பலர் கொஞ்சம் யோசிப்பாங்க. புன்னக்காயல். 480 வருஷத்துக்கு முன்னாடி அந்தச் சின்ன ஊருக்கு ஒரு அவசரக் கடிதம் போச்சு. ஒரு ரோந்துக் கப்பல் எரிஞ்ச செய்தி அதுல இருந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசிங்க.

2/ காலம் 1540-கள். தூத்துக்குடி, புன்னக்காயல், மணப்பாடு, வேம்பார் எல்லாம் சேர்ந்த நம்ம கரைக்கு முத்துக்குளித்துறைன்னு பேர். கொற்கை காலத்துல இருந்தே முத்துக்குப் பேர் போன கடல். போர்த்துகீசியர் 1520-கள்ல இங்க கால் வச்சாங்க. முத்துக்குளிப்பைக் கண்காணிக்கவும் வரி வாங்கவும் ஒரு கேப்டனை நியமிச்சாங்க.

3/ வரி வாங்கணும்னா கடல்ல காவல் வேணும். அன்றைய விதி இதுதான்: வியாபாரக் கப்பல் எதுவா இருந்தாலும் போர்த்துகீசியர்கிட்ட "கர்த்தாஸ்"ங்கிற அனுமதிச் சீட்டு வாங்கணும். அவங்க துறைமுகத்துல நின்னு சுங்கம் கட்டணும். சீட்டு இல்லாம பிடிபட்டா சரக்கு போச்சு, சில நேரம் கப்பலும் போச்சு.

4/ இந்த ரோந்துக்கு அவங்க அதிகமா பயன்படுத்தினது "ஃபுஸ்டா"ங்கிற சின்னக் கப்பல். முக்கோணப் பாய் இருக்கும், காத்து இல்லன்னா துடுப்பு போடலாம், ஆழம் குறைஞ்ச இடத்துலயும் ஓடும். மன்னார் வளைகுடா பூரா பவளப் பாறை. பெரிய கப்பல் தட்டி நிக்கிற இடத்துல இது நுழைஞ்சு போயிடும்.

5/ சரி, வரி கட்டினது யாரு? மூச்சை அடக்கி முத்துக் குளிச்ச பரதவர்கள். முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையில தங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னு அவங்க போர்த்துகீசியரை நாடினாங்க. 1536-ஐ ஒட்டி சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. ஆக, கணக்கு ரொம்பத் தெளிவு: நாங்க வரி தர்றோம், நீங்க காவல் தரணும்.

6/ அந்த வரியில ஒரு பங்கு எதுக்குப் போச்சு தெரியுமா? போர்ச்சுகல் ராணியோட செருப்புச் செலவுக்கு! வருஷத்துக்கு 4,000 பணம். ("பணம்"ங்கிறது அப்போ ஒரு நாணயத்தோட பேர்.) 1542-ல இங்க வந்த சவேரியார், ராணிக்கே எழுதி, அந்தக் காசைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறவங்க சம்பளத்துக்குத் தரச் சொல்லிக் கேட்டார்.

7/ 1544 மோசமான வருஷம். ஜூன்ல வடுகர் படை தெற்கே இறங்குச்சு. கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் உயிர் பிழைக்கக் கடல் பாறைகள்ல ஏறிக்கிட்டாங்க. சோறும் இல்ல, தண்ணியும் இல்ல. சவேரியார் மணப்பாட்டுல இருந்து 20 தோணியில உணவோட கிளம்பினார். ஆனா எதிர்காத்து, தோணிகளால முனையை எட்ட முடியல. ஜூன் மாசக் காத்து எப்படி இருக்கும்னு நம்ம மீனவர்களைக் கேளுங்க.

8/ செப்டம்பர்ல அடி தூத்துக்குடிக்கே விழுந்துச்சு. அப்போ கேப்டன் கோஸ்மே தெ பைவா. கரை வழியா வந்த படை அவரோட கப்பலை எரிச்சது, வீடுகளையும் எரிச்சது. கடலைக் காவல் காக்க வேண்டியவர் எதிரே இருந்த தீவுகளுக்கு ஓடினார். ஊர் மக்களும் தீவுகள்ல ஒதுங்கினாங்க.

9/ தூத்துக்குடிக்கு எதிர்ல இருக்கிற தீவுகளைப் பார்த்திருக்கீங்களா? தட்டையான மணல், பவளக் கல், கொஞ்சம் புதர். குடிக்கிற தண்ணி கிடைக்கிறது குதிரைக் கொம்பு. இங்க ஒரு டாக்டரா கொஞ்சம் குறுக்கிடுறேன்.

10/ சுத்தியும் தண்ணிதானே, குடிச்சா என்னன்னு தோணும். கடல்நீர்ல உப்பு சுமார் 3.5%. நம்ம சிறுநீரகத்தால சுமார் 2% அளவுக்குத்தான் உப்பைச் செறிவாக்கி வெளியேத்த முடியும். அதனால ஒரு லிட்டர் கடல்நீர் குடிச்சா, அந்த உப்பை வெளியேத்த ஒரு லிட்டருக்கும் மேல சிறுநீர் போகணும். அந்தக் கூடுதல் தண்ணி உடம்புல இருந்துதான் போகும். குடிக்கக் குடிக்க வறட்சி கூடும், புத்தி தடுமாறும். செப்டம்பர் வெயில்ல குழந்தையும் வயசானவங்களும் ரெண்டு மூணு நாள்ல சாய்ஞ்சிடுவாங்க.

11/ சேதி வந்தப்போ சவேரியார் திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலையில இருந்தார். உடனே புன்னக்காயல்ல இருந்த தன் துணைவர் மன்சிலாஸுக்கு எழுதினார். விஷயம் இதுதான்: ஊர்ல இருக்கிற தோணிகளை எல்லாம் எடுத்துக்கிட்டு ஆளோட போங்க, உணவு ஏத்துங்க, முக்கியமா தண்ணி. கொம்புத்துறை, வேம்பார் பட்டங்கட்டிகளுக்கும் தகவல் சொன்னார். வரைபடத்துல பாருங்க: வேம்பார் தூத்துக்குடிக்கு வடக்கே, மத்த ரெண்டும் தெற்கே. ரெண்டு பக்கமும் இருந்து உதவி.

12/ கவனிச்சீங்களா? அரசாங்கக் கப்பல் சாம்பலாயிடுச்சு. காப்பாத்தக் கூப்பிட்டது வரி கட்டின ஜனங்களோட தோணிகளை!

13/ இந்தக் கேப்டன் நல்ல மனுஷனா? இல்ல. அதே டிசம்பர்ல கொச்சியில இருந்து சவேரியார் எழுதின கடிதம் ரொம்பக் காட்டமானது. இந்தக் கரையில அடிச்ச கொள்ளைக்கும், தூத்துக்குடியில தன் பேராசையால நடந்த சாவுகளுக்கும் பைவா மனசாட்சிப்படி பரிகாரம் செய்யணும், தப்பா வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு அதுல சொல்றார்.

14/ எனக்கு இந்த ரெண்டு கடிதமும் சேர்த்துத்தான் முக்கியம். செப்டம்பர்ல தண்ணி அனுப்பச் சொன்ன அதே கைதான் டிசம்பர்ல கணக்குக் கேட்டது. கேஸுவாலிட்டியில நாங்க தினம் பார்க்கிறது இதுதான். குடிச்சிட்டு வண்டி ஓட்டினவனும் அவன் இடிச்சவரும் பக்கத்துப் பக்கத்து ஸ்ட்ரெச்சர்ல வருவாங்க. யார் தப்புன்னு பார்த்து டிரிப் போட முடியாது. யாருக்கு மூச்சு மோசமோ அவங்க முதல்ல. அதுக்காக தப்பு மறைஞ்சிடாது. காயத்தை உள்ளபடி எழுதி, போலீஸுக்குத் தகவல் கொடுக்கிறதும் எங்க வேலைதான்.

15/ இன்னொரு சந்தோஷமான விஷயம். சில வருஷத்துல, 1550-ஐ ஒட்டி, அதே புன்னக்காயல்ல ஒரு மருத்துவமனை வந்துச்சு. அதை உருவாக்கினவர் அண்டிரிக் அடிகளார். 1578-ல அச்சான "தம்பிரான் வணக்கம்" நூலைத் தமிழ்ல தந்த அதே மனுஷன்தான்.

16/ 1658-ல தூத்துக்குடி டச்சுக்காரங்க கைக்குப் போச்சு. பிறகு ஆங்கிலேயர். கொடி மாற மாற ரோந்துக் கப்பலும் மாறுச்சு. கேள்வி மட்டும் மாறல: கடல்ல நிக்கிற அந்தக் கப்பல் ஜனங்களைக் காக்க நிக்குதா, வசூலிக்க நிக்குதா? வசூல் மட்டும் நடந்து காவல் நின்னுபோனா என்ன ஆகும்னு 1544 காட்டிடுச்சு.

17/ அடுத்த தடவை திருச்செந்தூர் போனா, ஆத்தூர் பக்கம் திரும்பி ஒரு எட்டு புன்னக்காயல் போயிட்டு வாங்க. ஆறு கடல்ல சேர்ற இடத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. தண்ணிக் குடங்களோட தோணிகளைக் கிளம்பச் சொன்ன ஊர் அது. முதல்ல தண்ணி, அப்புறம் கணக்கு. ரெண்டுல எதையும் விட்டுடக் கூடாது.