பின்வளவு வேலிக்கு எந்த மரம்?

கப்பல்துறையில் எங்கள் பின்வளவைச் சுற்றி மலிவாகக் கிடைத்த யூக்கலிப்டஸ் கட்டைகளை நட்டேன். இரண்டாவது மாரியோடு வேலி சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால், மேலே நல்ல மரம். நிலமட்டத்தில் கறையான் தின்ற கோது.

திருகோணமலையில் வெயிலும் சோளகக் காற்றும் மாதக்கணக்கில் மரத்தைக் காயவைத்து வெடிக்கச் செய்கின்றன. ஒக்டோபருக்குப் பிறகு பெய்யும் மழை அந்த வெடிப்புகளில் இறங்குகிறது. ஈரமும் காற்றும் சேரும் நிலமட்டத்தில்தான் உக்கல் தொடங்கும்.

ஆகவே மரத்தின் பெயரை மட்டுமல்ல, வைரத்தையும் பாருங்கள். முதிரை, பாலை, முற்றிய பனை ஆகியவற்றின் வைரம் நெடுங்காலம் நிற்கும். வெளிறு எந்த மரத்திலும் நிலைக்காது. ஆனால் முதிரைக்கு விலை அதிகம். ஏற்றிச்செல்ல அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

கையில் காசு குறைவென்றால் கதியால்தான் வழி. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை மூன்றும் தடியாக நட்டாலே வேர்விடும். உயிருள்ள மரம் உலர்ந்த கட்டையைப்போல இலகுவில் உக்காது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கை அரசு அறிவித்தது சீமைக்கிளுவையைத்தான்.

கைமொத்தமுள்ள, முற்றிய, ஆறடித் தடியை வெட்டுங்கள். பட்டை உரியாமல் அடியைச் சரிவாகச் சீவி, மாரி தொடங்கும்போது ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுக்குங்கள். வேர்பிடிக்கும்வரை முட்கம்பியை இழுத்துக் கட்டவேண்டாம். யானை வரும் வளவுக்கு எந்த மரவேலியும் போதாது என்பதையும் மறக்கவேண்டாம்.

இம்முறை நாற்பது கதியால் நட்டேன். மூன்று பட்டுப்போயின. அடுத்த மாரிக்கு அவற்றின் இடத்தில் நட, பக்கத்துக் கதியால்களிலேயே கிளை இருக்கிறது.