மாதரி மனையில் ஆக்கிய அடிசில்

சிலப்பதிகாரத்தின் 16ஆம் காதைக்குக் கொலைக்களக் காதை என்று பெயர். கோவலன் வெட்டுண்டு வீழ்வது இக்காதையின் இறுதியில். ஆயின் ஏட்டைத் திறந்தவுடன் கண்முன் நிற்பது ஓர் அடுக்களை. அங்கே காய் அரிகிறார்கள், தீ மூட்டுகிறார்கள், இலை விரிக்கிறார்கள். ஒரு பெண் தன் கையால் சமைத்துத் தன் கணவனுக்குப் படைப்பதை இத்துணை விரிவாகக் காட்டும் இடங்கள் பழந்தமிழில் மிகச் சிலவே. அவ்வடிசில் ஊன் கலவாதது. இலக்கிய மேடைகளில் வழக்குரை காதை முழங்கும் அளவிற்கு இந்த அடுக்களை பேசப்படுவதில்லை. தமிழகத்துச் சமணர் இல்லங்களின் சமையல் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கோ, முதல் ஏடாக அமையத்தக்கது இதுவே.

அடுக்களைக்குள் நுழையுமுன் அவர்கள் வந்த வழியைச் சற்றே நோக்குதல் வேண்டும். புகாரிலிருந்து மதுரை நோக்கிப் புறப்பட்ட இருவர்க்கும் வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. நாடுகாண் காதையில் அவர் வழியின் ஏதங்களை எடுத்துரைக்கிறார். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடியிருக்கும், அவற்றில் இடறக்கூடும் என்கிறார். வயல் வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக்கூடும் என்கிறார். கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். நீர்வேட்கை மிக்க கண்ணகி அறியாது அந்நீரை அள்ளிப் பருகிவிடக்கூடும் என்றும் அஞ்சுகிறார். தேனை விலக்கியவர்க்குத் தேன் கலந்த நீரும் விலக்கே. பசியும் தாகமும் களைப்பும் சூழ்ந்த நெடுவழியிலும், எது வாய்க்குள் செல்கிறது என்பதில் அத்துறவி காட்டும் கவனம் பெரிது. கண்ணகியின் சமையலுக்கான இலக்கணம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி கண்ணனை வழிபடும் ஆயர் குலத்தவள். வந்தவர்களோ சமண இல்லற நெறியினர். சமயம் வேறாயினும் மாதரிக்கு அதில் தடுமாற்றம் ஏதுமில்லை. இவர்கள் 'சாவக நோன்பிகள்' ஆதலின் சமைப்பதற்கு நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள் என்று தன் சுற்றத்தாரை ஏவுகிறாள். அவள் கூற்றில் 'நாள்வழி' என்று ஒரு சொல் வருகிறது. அதற்குப் பகற்பொழுது எனப் பொருள் கொள்வது உரை மரபு. கதிரவன் மறைந்தபின் உண்ணாதவர்களுக்கு உணவு பகலிலேயே ஆக வேண்டும். அதனால்தான் இவ்வளவு விரைவு. விருந்தினரின் நோன்பை அறிந்து, அவர்கள் வாய்திறந்து கேட்குமுன் அதற்கேற்பக் கலமும் பொழுதும் ஒதுக்கித் தந்த அவ்விடைமகளின் பண்பு போற்றத்தக்கது.

கொடுக்கப்பட்ட பொருள்களையும் இளங்கோவடிகள் பட்டியலாகவே தருகிறார். பூவாது காய்க்கும் பலாவின் காய், வரிகளையுடைய வளைந்த வெள்ளரிக்காய், மாதுளையின் பசுங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி நெல்லின் அரிசி, ஆயர் மனையின் பாற்பயன் ஆகியவை. இப்பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை படித்தால் ஓர் உண்மை புலப்படும். மண்ணைத் தோண்டி எடுத்த பொருள் இதில் ஒன்றும் இல்லை. கிழங்கு இல்லை, வேர் இல்லை. எல்லாம் மரத்திலோ கொடியிலோ கதிரிலோ விளைந்தவை. பறித்தாலும் தாய்ச்செடி உயிரோடு நிற்கக்கூடியவையே மிகுதி. கிழங்கை விலக்கினார்கள் என்று காப்பியம் எங்கும் கூறவில்லை. கூறாமலே பட்டியல் அவ்வாறு அமைந்திருப்பது தற்செயல் என்று தள்ளத்தக்கதாகத் தோன்றவில்லை. பலாவும் மாவும் சேர்ந்து வருவதும் பருவத்தோடு பொருந்துகிறது. மதுரை எரியுண்டது ஆடித் திங்களில் என்று காப்பியமே பின்னர்க் கூறுகிறது. பலாவும் மாவும் முடியும் காலம் அது.

சமையல் தொடங்குகிறது. வளைந்த வாயையுடைய 'குயம்', அதாவது அரிவாள்மணை போன்ற கருவி, கண்ணகியின் கையில் இருக்கிறது. காய்களை அரிந்து அரிந்து அவள் மெல்விரல்கள் சிவக்கின்றன. முகம் வியர்க்கிறது, புகையில் கண்கள் சிவக்கின்றன. மாதரியின் மகள் ஐயை நாத்தனார் முறையில் அருகிருந்து வைக்கோல் தீ மூட்டித் தருகிறாள். மாசாத்துவான் வணிக மாளிகையில் வாழ்ந்த செல்வமகளுக்கு இவ்வேலை எளிதன்று. ஆயினும் தன் கைக்குத் தெரிந்த சமையல் திறத்தால் ஆக்கினாள் என்கிறார் அடிகள்.

என்ன ஆக்கினாள் என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. காய்களின் பெயர் உண்டு. கறிகளின் பெயர் இல்லை. எனினும் பிற நூல்களின் துணைகொண்டு அவ்வடுப்பின் மணத்தை ஓரளவு உணரலாம். பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனை விருந்தொன்று வருகிறது. அங்கும் மாதுளையின் பசுங்காய்தான். அதனைப் பசுவெண்ணெயில் வெதுப்பி, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை கலந்து படைக்கிறார்கள். உடன் மாங்காய் ஊறுகாயும் உண்டு. கண்ணகிக்குக் கிடைத்த மாதுளங்காய்க்கும் வெண்ணெய்க்கும் இதே பக்குவம் வாய்த்திருக்கலாம். இன்று மாதுளையைப் பழமாக உண்பவரன்றிக் காயாகச் சமைப்பவரைக் காண்பது அரிது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டில், புதுமணப்பெண் ஒருத்தி கட்டித் தயிரைப் பிசைந்து புளிப்பாகர் அட்டுக் கணவனுக்கு இடுகிறாள். தாளிக்கும் புகை அவள் கண்ணில் படிகிறது. தாளிப்புக்கு அக்காலச் சொல் 'குய்'. இன்றைய மோர்க்குழம்பின் பாட்டி என்று அதனைச் சொல்லலாம்.

இங்கே 'கறி' என்னும் சொல்லின் வரலாறு நினையத்தக்கது. சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. பட்டினப்பாலை புகாரின் பண்டங்களை அடுக்குமிடத்து மிளகு மூடைகளைக் கறி என்றே குறிக்கிறது. பின்னர், மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கும் அப்பெயர் ஏறியது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு விட்ட அறக்கட்டளைக் கல்வெட்டில் காய்க்கறி, புழுக்குக்கறி, புளிங்கறி, பொரிக்கறி என நால்வகை கறியமுதுகள் கூறப்படுகின்றன. அவற்றிற்கு இடவேண்டிய காயங்களாக மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவை குறிக்கப்படுகின்றன. வேகவைத்தது, புளியிட்டது, பொரித்தது என்னும் இப்பாகுபாடு கூட்டு, குழம்பு, பொரியல் என்று இன்றும் தமிழர் இலையில் நிற்கிறது. கறி என்ற மாத்திரத்தில் ஊனையே நினைப்பது பிற்காலத்து வழக்கு. காய்கறி என்னும் இணைமொழியும், ஈழத்தில் வழங்கும் மரக்கறி என்னும் சொல்லும் பழம்பொருளைக் காத்து வருகின்றன.

கல்வெட்டின் காயப் பட்டியலில் மிளகாய் இல்லை, இருக்கவும் இயலாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய பின்னரே, போர்ச்சுகீசியர் வழியாக அது இந்நாட்டிற்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் எனப் பெயர் பெற்றது. வந்தேறி என்பதை அதன் பெயரே ஒப்புக்கொள்கிறது. உருளைக்கிழங்கும் தக்காளியும் பரங்கிக்காயும் அவ்வாறே வந்தவை. பரங்கிக்காய் தன் பெயரிலேயே பரங்கியரைச் சுமந்து நிற்கிறது. தக்காளி மட்டும், மணத்தக்காளி முதலாய நம் நாட்டுச் செடிகளுக்கு வழங்கிய பெயரைத் தனதாக்கிக்கொண்டது. நாளடைவில் குழம்பின் நிறமே மாறிற்று. மிளகும் புளியும் கொடுத்த கருமை போய்ச் செம்மை வந்தது.

இம்மாற்றத்தை வெவ்வேறு மரபினர் வெவ்வேறு வகையில் எதிர்கொண்டனர். அந்தணர் இல்லங்களில் திவச நாளன்று மிளகாயும் தக்காளியும் உருளையும் முட்டைக்கோசும் அடுக்களைக்குள் வாரா; அன்று மிளகே ஆட்சி செய்யும். அங்கே அளவுகோல் பழமை. சமணர் இல்லத்து அளவுகோல் வேறு. மிளகாயும் தக்காளியும் புதியன என்பதற்காக அங்கு விலக்கப்படவில்லை. காய் என்பதால் ஏற்கப்பட்டன. உருளைக்கிழங்கோ கிழங்கு என்பதால் நோன்பு கொண்டோர் இல்லங்களில் நிறுத்தப்பட்டது. ஒரு கிழங்கைப் பிடுங்கினால் செடியே மடிகிறது. மண்ணில் அதனைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்களும் மடிகின்றன. எந்தக் கப்பலில் வந்தது என்று கேளாமல், எத்தனை உயிர் போகும் என்று மட்டும் கேட்ட அடுக்களை அது. இவ்விரண்டனுள் பின்னதே வலிய அளவுகோல் என்பதில் ஐயமில்லை. புதுப்பயிர் எத்தனை வந்தாலும் அதற்கு விடை சொல்ல அதனால் இயலும்.

ஊனுணவு பற்றிய வாதமும் தமிழில் கூர்மையாகவே நிகழ்ந்துள்ளது. தாம் கொல்லாத ஊனை உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தர் கூற்றை நீலகேசி மறுத்துரைக்கிறது. உண்பார் இல்லையேல் விற்பார் இல்லை என்னும் கருத்தைத் திருக்குறள் புலால் மறுத்தல் அதிகாரத்தில் முன்னரே வைத்திருக்கிறது. இவ்வளவு வாதாடியும், கொல்லா உணவுக்கு இன்று தமிழில் நிலைத்துவிட்ட பெயர் 'சைவம்'. பெயர் யாருக்குப் போனால் என்ன, உணவு நிலைத்ததே என்று அமைதி கொள்ளலாம். ஆயினும் வரலாறு எழுதுவோர் மறக்கலாகாத செய்தி இது.

சமணர் இல்லத்துச் சமையல் நோன்பின் வரையறைக்குள் சுவை கண்ட கலை. வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்புக்கு மணம் தருவது பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் நாட்டுச் செடியொன்றின் வேர்ப்பகுதியைக் கீறி வடித்த பால் அது; கடுகளவு போதும். பச்சை இஞ்சியை விலக்குவோர் காய்ந்த சுக்கைக் கொள்வர். மஞ்சளும் உலர்ந்ததே கொள்வர். உருளை தரும் குழைவை வாழைக்காய் தரும். குழம்பு நீர்த்துப் போகாமல் இருக்கத் தேங்காயும் துவரம்பருப்பும் அரைத்துவிடப்படும். இவை எல்லாவற்றுக்கும் முன் நீர் வடிகட்டப்பட வேண்டும். மடித்த வெள்ளைத் துணியில் வடித்தபின், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த கிணற்றுக்கே நீரோடு திருப்பி விடுவது முறை. குழாய் வந்த நாள்முதல் இவ்வழக்கின் பின்பாதி நின்றுபோயிற்று; திருப்பி விடக் கிணறு ஏது?

இரவுண்ணாமையின் நிலையும் அதுவே. விளக்கொளியை நாடிவரும் பூச்சிகள் உணவில் வீழ்ந்து மடியும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. உழவை நம்பி வாழ்ந்த காலத்தில் பொழுது சாயுமுன் வயலிலிருந்து திரும்பி உண்டுவிட்டுப் படுப்பது இயல்பாக இருந்தது. இன்று அலுவலகம் விட்டு வீடு சேரவே கதிரவன் மறைந்துவிடுகிறது. மின்விளக்கில் பூச்சி விழாது என்று சிலர் அமைதி கூறுவர். கடையில் வாங்கும் மசாலாப் பொடிகள் சிலவற்றில் வெங்காயமும் பூண்டும் பொடியாகி உள்ளே கிடக்கின்றன. உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படித்தாலன்றித் தெரியாது. தேன் கலந்த நீரைக் குறித்துக் கவுந்தியடிகள் அஞ்சிய அச்சம், இன்று அந்தச் சிற்றெழுத்தைப் படிக்கும் பெண்ணின் கண்ணில் குடியிருக்கிறது.

மீண்டும் மாதரி மனைக்கு வருவோம். கண்ணகி கோவலனைப் பனையோலைத் தவிசில் இருத்துகிறாள். அவன் அடிகளை நீரால் கழுவுகிறாள். தரையில் நீர் தெளித்து, இளவாழையின் குருத்திலையை விரித்து அமுது படைக்கிறாள். அவன் உண்பதைக் கண்ட மாதரியும் ஐயையும் ஆயர்பாடிக் கண்ணனே வந்து உண்கிறானோ என்று வியக்கின்றனர். உண்டபின் வெற்றிலை பாக்கு அளிக்கிறாள். அப்போது கோவலன் தான் அவளுக்கு இழைத்த தீங்கை எண்ணி வருந்த, கண்ணகி தன் இழப்பைச் சொல்கிறாள். அவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோர்க்கு அளிக்கவும், துறவோரை எதிர்கொள்ளவும், விருந்தினரைப் பேணவும் தனக்கு இயலாமற்போயிற்று என்பதே அவள் முறையீடு. பொன்னையும் மணியையும் அவள் கூறவில்லை. கணவன் இல்லாத மனையில் பிறர்க்கு இலை விரிக்கும் உரிமை அவளுக்கு இல்லை. அதைத்தான் அவள் இழந்தாள். அந்த உரிமை மீண்ட முதல் இலை, மாதரி மனையில் விரித்த அந்த இலை.

சிலம்பை வாங்கிக்கொண்டு கோவலன் தெருவில் இறங்குகிறான். எதிரே இமில் உயர்ந்த எருது பாய்ந்து வருகிறது. அது தீநிமித்தம் என்பதை வணிகர் குலத்தான் அறியான். அடுத்த காதை ஆய்ச்சியர் குரவை. அங்கே மாதரியின் வீட்டில் குடத்தில் இட்ட பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை.