ஆண் ஈயா, பெண் ஈயா? திருகுப்புழு ஒழிப்பின் வரலாறு

ஈயின் படத்தைக் காட்டி "இது ஆணா, பெண்ணா?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்க, மாணவர்கள் சிரிப்பாங்க. ஆனால் அந்தச் சிரிப்புக்கான கேள்வியின் மேல்தான் கோடிக்கணக்கான ஈக்களை வளர்த்த தொழிற்சாலைகள் எழுந்தன.

ஸ்க்ரூவார்ம், அதாவது திருகுப்புழு ஈ, பிணத்தில் முட்டையிடும் சாதாரண ஈ அல்ல. உயிருள்ள ஆடு மாடுகளின் புண்ணிலும், புதிதாய்ப் பிறந்த கன்றின் தொப்புளிலும், சில நேரம் மனிதப் புண்ணிலும்கூட முட்டையிடும். ஒரு பெண் ஈ ஒரே தடவையில் 200 முட்டைகளுக்கு மேல் இடும். பொரித்த புழுக்கள் சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். கவனிக்காமல் விட்டால் மாடு செத்தே போகும். உடலைச் சுற்றி வரிவரியாக முட்கள் இருப்பதால் பார்க்கத் திருகாணி மாதிரி தெரியும். பெயர்க் காரணம் அதுதான்.

அமெரிக்கப் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்ளிங் 1930களில் டெக்சஸில் பணியாற்றியபோது ஒன்றைக் கவனித்தார். பெண் ஈ பொதுவாக ஒரே ஒரு முறைதான் இணைசேரும். ஆண் ஈயோ பல முறை சேரும். அப்படியானால் மலட்டு ஆண்களை ஏராளமாகப் பறக்கவிட்டால் என்ன? கணக்கைப் பாருங்க. ஒரு நல்ல ஆணுக்கு ஒன்பது மலட்டு ஆண் என்று வைத்தால், பத்துப் பெண்களில் ஒன்றுக்குத்தான் முட்டை பொரிக்கும். அடுத்த தலைமுறையிலும் அதே அளவு மலட்டு ஈக்களை விட்டால் எண்ணிக்கை இன்னும் வேகமாகச் சரியும். எளிமையான கணக்குத்தான். ஆனால் அன்று பலர் இதை நம்பவில்லை.

மலடாக்குவது எப்படி? எக்ஸ்ரே கதிர் பழ ஈக்களின் மரபணுவைச் சிதைக்கும் என்று ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டியிருந்தார். நிப்ளிங்கின் தோழர் ரேமண்ட் புஷ்லாந்து 1950 வாக்கில் திருகுப்புழு ஈயின் கூட்டுப்புழுக்களை எக்ஸ்ரேயில் வைத்துச் சோதித்தார். ஃபுளோரிடாவின் சனிபெல் தீவில் நடந்த முதல் முயற்சி பாதி வெற்றிதான். தீவு கரைக்கு மிக அருகில் இருந்ததால் அக்கரை ஈக்கள் பறந்து வந்துவிட்டன. பிறகு 1954இல் கரீபியக் கடலில் தள்ளி இருக்கும் குராசோ தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். சில மாதங்களில் அங்கே திருகுப்புழு ஒழிந்தது.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. வேண்டியது மலட்டு ஆண்கள் மட்டும். அப்படியானால் பெண்களை ஏன் பிரிக்கவில்லை? கூட்டுப்புழு நிலையில் இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். முழு ஈயாக வந்த பிறகுதான் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். வாரம் கோடிக்கணக்கில் வளர்க்கும் இடத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பது நடக்கிற காரியமா? ஆகவே இரண்டையும் மலடாக்கி ஒன்றாகவே விட்டார்கள். மலட்டுப் பெண்களுக்கும் தீவனம் போட்டு வளர்த்த செலவு, என் பார்வையில், இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. 1988இல் லிபியாவுக்குள் இந்த ஈ நுழைந்தபோது மெக்சிகோவிலிருந்து விமானத்தில் வாரம் 4 கோடி ஈக்கள் வரை போயின; அவற்றிலும் ஆணும் பெண்ணும் கலந்துதான். 1991க்குள் அங்கும் ஒழிந்தது. 1992இல் நிப்ளிங்குக்கும் புஷ்லாந்துக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

படத்தில் எப்படிப் பிரிப்பது? தலையை நேர் முன்னிருந்தோ மேலிருந்தோ எடுத்த படம் வேண்டும். ஆண் ஈக்கு இரு கண்களும் உச்சியில் ஏறக்குறைய ஒட்டினாற்போல் நெருங்கி இருக்கும். நடுவில் மெல்லிய கோடுதான் மிச்சம். பெண்ணுக்கு அந்த இடைவெளி அகலமாய்ப் பட்டையாகத் தெரியும். பக்கவாட்டுப் படம் பயன்படாது, அதில் ஒரு கண்தானே தெரியும்! வயிறு பெருத்திருப்பதை வைத்துப் பெண் என்று சொல்வதும் தவறு. நன்றாகத் தின்ற ஆணுக்கும் வயிறு பெருக்கும். பயிற்சிக்கு நம் பசாரில் மீன் மேல் உட்காரும் பச்சை ஈயே போதும். அது திருகுப்புழு ஈயின் உறவினர்; கண் இடைவெளி விதி அதற்கும் பொருந்தும்.

நம் நாட்டில் இருப்பது அமெரிக்க வகை அல்ல, 'கிரைசோமியா பெஸ்ஸியானா' என்ற பழைய உலகத் திருகுப்புழு ஈ. ஜொகூர், குளுவாங் கால்நடை நிறுவனத்தில் ஆஸ்திரேலியாவின் உதவியோடு 1990களின் பிற்பகுதியில் இதே முறையைச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவில் இந்த ஈ இல்லை. வந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் நம் மண்ணில் ஒத்திகை பார்த்தார்கள்.

அமெரிக்க வகையோ 2023க்குப் பிறகு பனாமாவின் தடுப்பு வேலியைத் தாண்டி வடக்கே நகர்ந்தது. 2024 நவம்பரில் மெக்சிகோவில் மீண்டும் தலைகாட்டியது. தீவனத்தில் டெட்ராசைக்ளின் மருந்து இல்லாவிட்டால் பெண்கள் மட்டும் வளராமல் இறந்துபோகும் மரபணு மாற்றிய ஈ இனங்களை ஆய்வுக்கூடத்தில் இதற்குள் உருவாக்கிவிட்டார்கள். முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரிக்க முடியாத வேலையை, மருந்தை நிறுத்தியே முடித்துவிடலாம் என்பது அதன் திட்டம்.