தொண்டைக்குள் ஒரு கல், இரண்டு டாக்டர்கள், கொஞ்சம் வரலாறு

போன மாதம் செமஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு இருமல். கையில் வந்து விழுந்தது அரிசி நொய் அளவில் வெள்ளையாக ஏதோ ஒன்று. மதியம் சாப்பிட்ட தயிர்சாதத்தின் மிச்சம் என்று நினைத்து நசுக்கிப் பார்த்தேன். அந்த நாற்றம் இருக்கிறதே... சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும் :-)

அதன் பெயர் டான்சில் கல். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் இருக்கும் டான்சில் சதையில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. சாப்பாட்டுத் துணுக்கு, செத்துப்போன செல்கள், பாக்டீரியா எல்லாம் அதற்குள் தங்கி, கால்சியம் சேர்ந்து இறுகிவிடுகிறது. நாற்றத்துக்குக் காரணம் பாக்டீரியா உண்டாக்கும் கந்தகச் சேர்மங்கள். பெரும்பாலும் ஆபத்தில்லாத சமாச்சாரம்.

ஆனால் நான் பார்த்த முதல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்த அரை நிமிடத்தில், "ரெண்டு டான்சிலையும் எடுத்துடலாம்" என்றார். அம்மா பயந்துபோய் இன்னொருவரிடம் அழைத்துப் போனார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த வருஷம் எத்தனை தடவை தொண்டை வலியோட காய்ச்சல் வந்துச்சு?" ஒரு தடவை என்றேன். "அப்புறம் எதுக்கு எடுக்கணும்? சாப்பிட்டதும் வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளி. ஊக்கு, குச்சி எதையும் விட்டு நோண்டாதே. ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ ரத்தம் வந்தாலோ வா."

ஒரே தொண்டைக்கு இரண்டு பதில். ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இரண்டு ஆடிட்டர்கள் இரண்டு விதமான லாபம் சொன்னால் சும்மா விடுவோமா? தேட ஆரம்பித்தேன். இந்தச் சண்டைக்கு ரொம்ப வயசு என்று தெரிந்தது.

டான்சிலை எடுக்கும் வைத்தியம் பழசு. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர், விரலால் சுற்றி நெம்பிப் பிடுங்கலாம் என்று எழுதிவைத்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம், யோசித்துப் பாருங்கள்! 1820களில் பிலடெல்பியாவில் பிலிப் சிங் பிசிக் என்ற சர்ஜன் சட்டென்று வெட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவரைக்கும்கூட இது அவசரத்துக்குச் செய்கிற வேலைதான்.

கதை மாறியது 1910களில். சிகாகோவில் பிராங்க் பில்லிங்ஸ் போன்றவர்கள், உடம்பில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டுவலி, இதய நோய், சிறுநீரக நோய் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். ஒளிந்திருக்கும் இடம் எது? பல்லும் டான்சிலும். என் கையில் விழுந்தது போன்ற ஒரு வெள்ளைத் துணுக்கு அந்தக் குழியில் தெரிந்தால் போதும், குற்றவாளி மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். நியூஜெர்சியில் ஹென்றி காட்டன் என்ற மனநல மருத்துவர் பைத்தியம் தெளியும் என்று நோயாளிகளின் பல், டான்சில், கடைசியில் பெருங்குடல் வரைக்கும் வெட்டி எடுத்தார். பலர் செத்துப்போனார்கள்.

பள்ளிக்கூடக் குழந்தைகளும் தப்பவில்லை. 1934ல் வெளியான நியூயார்க் ஆய்வைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. பதினோரு வயதுப் பிள்ளைகள் 1000 பேர். அதில் 61 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்களைப் பள்ளி டாக்டர்கள் பார்த்து, அதில் 45 சதவீதம் பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று தப்பித்தவர்களை வேறு டாக்டர்கள் பார்த்தார்கள். அவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஆபரேஷன்! அதிலும் தப்பித்தவர்களை மூன்றாவது குழு பார்த்து, 44 சதவீதம் என்றது. மூன்று சுற்றும் முடிந்தபோது கத்திக்குத் தப்பியவர்கள் ஆயிரத்தில் 65 பேர். தொண்டை எப்படி இருந்தாலும் வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக ஆபரேஷன் எழுதுவது பழக்கமாகவே ஆகியிருந்தது.

1938ல் இங்கிலாந்தில் அலிசன் குளோவர் இன்னொரு கணக்கை வெளியிட்டார். லண்டனுக்கு வடக்கே ஹார்ன்சி என்ற ஊர். 1928ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு 186 டான்சில் ஆபரேஷன்கள், 1929ல் வெறும் 12. இடையில் நடந்தது ஒன்றுதான்: பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார். அதனால் பிள்ளைகள் உடம்பு கெட்டதாகவும் தெரியவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபரேஷன் அதிகம் நடக்கிறது என்றும் அவர் எழுதினார். எங்கள் எகனாமிக்ஸ் பாடத்தில் தேவையைச் சரக்கு விற்பவரே உண்டாக்குவது என்று ஒரு பகுதி வரும். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதற்குப் பிறகும் வேகம் குறையவில்லை. அமெரிக்காவில் 1959ல் மட்டும் சுமார் 14 லட்சம். 1973ல் ஜான் வென்பெர்க்கும் ஆலன் கிட்டல்சோனும் வெர்மான்ட் மாநிலத்தை ஊர் ஊராக எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியில் பத்தாயிரம் பேருக்கு 13 ஆபரேஷன், இன்னொரு பகுதியில் 151. நோய் அப்படி மாறவில்லை, டாக்டர்தான் மாறினார்.

கடைசியில் எண்ணிப் பார்க்கச் சொன்னவர் பிட்ஸ்பர்க்கின் ஜாக் பாரடைஸ். 1984ல் வந்த அவருடைய ஆய்வில் எடுத்துக்கொண்ட வரம்பு: ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து தலா 5, அல்லது மூன்று வருடம் தலா 3 தடவை கடுமையான தொண்டைப் புண். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஆபரேஷன் உண்மையிலேயே உதவியது. தூக்கத்தில் மூச்சடைக்கும் குழந்தைகளுக்கும் இன்று எடுக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆக, என்னை இரண்டாவது டாக்டர் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. என் கணக்கு 1.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எட்டு வயதில் டான்சில் எடுத்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம் வாங்கித் தந்த கதையைத்தான் எப்போதும் சொல்வார். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அப்பாகிட்ட எத்தனை தடவை காய்ச்சல் வந்துச்சுன்னு யாரும் கேக்கலைடா" என்றார். பிறகு எழுந்து போய் எனக்கு வெந்நீர் வைத்தார்.